சன்னாசி மாற்றாத போத்தல்

தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய லாரி டிரைவர்தான் செய்தி சொன்னார். "பிட்டர் சன்னாசி காலையில போயிட்டாரு லா, ஜாகா. பக்கத்துல யாருமே இல்லையாம்." தோட்டத்துக் காவலுக்கு நிற்கும் ஜாகா நான்தான். கேட்டைத் திறந்து, லாரி எண்ணை வழக்கம்போல் எழுதிக்கொண்டு, அவரை உள்ளே விட்டேன். பிறகு காவல் கொட்டகையில் உட்கார்ந்தேன். இந்தத் தோட்டத்தில் நான் மனம்விட்டுப் பேசியது அவரிடம் மட்டும்தான். இனி யாரிடம் பேச?

தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட பிட்டராக அவரைத் தோட்டத்து மக்களான உங்களுக்குத் தெரியும். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது, அவருடைய மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிப் போனதும் தெரியும். சன்னாசி மட்டும் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் தங்கிவிட்டார். "நாலு மாசத்துல நானும் போயிருவேன்" என்பார். பதினைந்து வருடமும் அதே நாலு மாசம்தான்.

என் காவல் துப்பாக்கியும் அவர் பொறுப்பில் இருந்தது. மோட்டார் சைக்கிளில் மலைச்சாலையில் குலுங்கி, விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் சின்னத் திருகாணிகள் தளர்ந்துவிடும். அப்படித் தளராமல் இருக்கப் பூசும் பசையில் மூன்று போத்தல் வைத்திருந்தார்: கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. முதலில் துப்பாக்கியைத் திறந்து தோட்டா இல்லை என்று பார்ப்பார். பிறகு ஸ்பிரிட்டால் எண்ணெயைத் துடைத்து, ஊசிமுனையில் கத்தரிப்பூ நிறப் பசையைத் தொட்டு வைப்பார்.

"குட்டித் திருகாணிக்கு இது போதும்யா. நாளைக்கு ஒருத்தன் கழட்டணும்ல? சிவப்பு இஞ்சின் போல்ட்டுக்கு. சூடு காட்டாம அசையாது" என்பார். "பசையில சிவப்புன்னா அசைக்க முடியாது. அட்டையில சிவப்புன்னா எப்ப வேணா கழட்டிருவான்" என்று சிரிப்பார். என்னிடம் இருந்தது குடியுரிமை உள்ளவனின் நீல அட்டை. என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில், "ஊருக்குப் போகாம இங்க ஏன்ணே கெடக்குறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்த நேரம் பார்த்துத் திருகாணி தளர்ந்தது. அவரிடம் போக ரோஷம். அவர் சாப்பிடப் போன சமயத்தில் பட்டறைக்குள் நுழைந்து, பலமானது நல்லதுதானே என்று சிவப்பை ஊற்றி முறுக்கினேன்.

துப்பாக்கிக்கான போலீஸ் சோதனை நெருங்கும்போது விசை சிக்கிக்கொண்டது. வளையத்தைக் கழற்றியாக வேண்டும். நானே திருப்புளியை வைத்து மல்லுக்கட்டியதில் திருகாணித் தலையின் வெட்டு மழுங்கிப் போனது. விஷயம் காதுக்குப் போய், தோட்டத்துத் துரை எங்கள் இருவரையும் ஆபீசுக்கு அழைத்தார். வேலை போனால் லயத்து வீடும் போகும். எனக்கு மூன்று பிள்ளைகள். சன்னாசி திருகாணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க துரை. போத்தல் மாறிப் போச்சு" என்றார்.

அவருடைய பெர்மிட்டைப் புதுப்பிக்க வருடந்தோறும் துரையின் கடிதம் வேண்டும். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றே ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் திருகாணித் தலையில் மட்டும் வைத்துச் சூடேற்றி, துப்பாக்கிக் கட்டை கருகாமல் குறட்டால் பிடித்து அதைக் கழற்றினார். "ஏன்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "ஒனக்கு வீட்டுல நாலு பேரு இருக்காங்க. எனக்கு யாரு இருக்கா, கேவலப்பட?" என்றார். கெட்டுப்போன திருகாணியை என் கையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

கடிதம் எப்படியோ கிடைத்தது. துப்பாக்கி வேலை மட்டும் அவர் கையைவிட்டுப் போனது. அதன்பின் துப்பாக்கியைப் பழுதுபார்க்க ஈப்போவுக்கு அனுப்பினார்கள். "போத்தல் மாத்துன பிட்டர்" என்று நீங்கள் கேலி பேசினீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்றும் ஒருவர் அதே பெயரைச் சொன்னார். அங்கேயும் எனக்கு நாக்கு எழவில்லை. அந்தத் திருகாணி என் சட்டைப் பையில்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இனி அந்தப் பெயரைச் சொல்ல நினைப்பவர்கள் கேட்டுக்கு வந்து என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். சன்னாசி எந்தப் போத்தலையும் மாற்றவில்லை. மாற்றியவன் நான்.