முதல் வாய்

நகரப் பேருந்து ஓட்டுபவர்களுக்கு முகம் ஒரு பொதுச் சொத்து. தலைக்கு மேலே இருக்கும் அகலக் கண்ணாடியில் பின் இருக்கை வரைக்கும் அது தெரியும். டிரைவர் பதறினால் வண்டியே பதறும். இதை டிரைவரம்மா வேலையில் சேர்ந்த புதிதிலேயே புரிந்துகொண்டாள். ஒருமுறை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், சாலையோரம் கொட்டியிருந்த மணல்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினாள். கீழே இறங்கிப் பார்த்த பிறகுதான் பயணிகளுக்கு விஷயமே தெரிந்தது. அதுவரை அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை என்று டிப்போவில் இன்றும் சொல்வார்கள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. "இத்தனை வருஷம் எந்த ஸ்டாப்லயும் நிக்காம போய்ட்டிருந்தாங்க, இப்ப நின்னுட்டாங்க" என்று டிப்போ மெக்கானிக் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர், மனைவியை இழந்தவர். அவருக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் இருந்தாள்.

அந்தப் பெண் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. "அப்பா தனியா இருக்க வேணாம்" என்று அவளேதான் சொன்னாள். ஆனால் புதிதாக வந்தவளை அவள் எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து வந்து, எதிரில் நின்று, கண் பார்க்கும் வரை காத்திருந்து பிறகு பேசுவாள். சமையலறை அலமாரியில் அவளுடைய அம்மா வாங்கிய கோப்பைகள் அப்படியே இருந்தன. டிரைவரம்மா தன் கோப்பையைக் கீழ்த்தட்டில் தனியாக வைத்துக்கொண்டாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நல்ல வாடகைக்காரர்கள் போல இருந்தார்கள்.

வலி வந்தது ஓர் ஆரஞ்சுச் சுளையில். இரண்டு நடைக்கு நடுவே டிப்போ கேன்டீனில் உட்கார்ந்து உரித்து வாயில் போட்டாள். கடித்ததுதான் தாமதம், இடது காதின் அடியில் யாரோ கம்பியைச் சொருகித் திருகியது போல இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்றாவது நான்காவது சுளையில் ஒன்றும் இல்லை. வந்த சுவடு தெரியாமல் போயிருந்தது. காற்றுப் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் ரொட்டிக்கு லேசாக வந்தது. அதற்கடுத்து திராட்சைக்கு வந்தபோது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போகப் போகத்தான் பிடிபட்டது: எந்தச் சாப்பாடானாலும் முதல் வாய்க்கு வலி, புளிப்பானால் உயிர் போகும், எலுமிச்சையை நினைத்தாலே உள்ளே சுண்டி இழுக்கும்.

டிப்போ டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "காது கண்ணாடி மாதிரி இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"தின்னா வயிறு வலிக்கும்னு கேட்டிருக்கேன். காது வலிக்கும்னு இப்பதான் கேக்கறேன்" என்றார் மெக்கானிக்.

பல் டாக்டரிடம் போனாள். அவர் சந்தேகத்துக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். பல் போனதே தவிர வலி போகவில்லை. அதற்குப் பிறகு அவளாக யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு விடுமுறை நாளில் மகள் தானாகவே சமையலறைக்குள் போனாள். மீனைத் தக்காளிச் சாற்றில் வேகவைத்து, மேலே எலுமிச்சை பிழிந்து, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவுக்குப் பரிமாறினாள். பிறகு, கல்யாணத்துக்குப் பின் முதல் தடவையாக, டிரைவரம்மாவின் தட்டிலும் அவளே எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

டிரைவரம்மா எலுமிச்சை வாசத்தை உணர்ந்ததுமே பல்லைக் கடித்துக்கொண்டாள். வேறு வழியில்லை. ஒரு துண்டை வாயில் வைத்தாள். மணல்மேட்டில் சுருங்காத முகம் அன்றைக்குக் கோணிப்போனது.

"புடிக்கலன்னா வச்சிடுங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல."

"ஐயோ, அதில்லம்மா. நல்லாத்தான் இருக்கும். எனக்குக் காது வலிக்குது."

"சாப்பிட்டா காது வலிக்குதா?" மகள் சிரித்தாள், சிரிப்பே இல்லாமல். "பொய் சொல்றதுன்னா நம்பற மாதிரி சொல்லுங்க."

டிரைவரம்மாவின் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கை கழுவும்போது கணவர் தணிந்த குரலில் சொன்னார்: "அது அவங்க அம்மா செய்யறது. அவ போனப்புறம் இந்த வீட்ல யாரும் செஞ்சதில்ல."

டிரைவரம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடுவதற்கு முன்னால், சமையலறையில் தனியாக நின்று முதல் வாயைத் தின்றுவிடுவது. வலியை அங்கேயே வாங்கி முடித்துவிட்டால், மேசையில் மற்றவர்களைப் போலச் சாப்பிடலாம். அது பலித்தது. ஆனால் இவள் ஒளிந்து தின்பது மகளின் கண்ணில் பட்டுவிட்டது. "நம்மளக் கூப்பிடறதுக்கு முன்னாடியே அவங்க தனியா சாப்பிட்டுடறாங்கப்பா" என்றாள் அப்பாவிடம். "பசிச்சிருக்கும், விடும்மா" என்றார் அவர். அவள் விடவில்லை. ஒரு நாள் தண்ணீர் எடுக்க வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

டிரைவரம்மா ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். ஒரு துண்டுத் தக்காளியை வாயில் போட்டாள். உடம்பு அப்படியே மடங்கியது. ஒரு கை காதை அழுத்த, இன்னொரு கை சத்தம் கேட்காமல் சுவரைக் குத்திக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்தாள். குழாயைத் திறந்து முகம் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு, எப்போதும் போன்ற குரலில், "சாப்பாடு ரெடி, வாங்க" என்று கூப்பிட்டபடி திரும்பினாள்.

மகள் கையிலிருந்த சொம்பு காலியாகவே இருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"காது நல்லா இருக்காம்."

"காது நல்லா இருந்தா இது என்னவாம்?" என்றாள் மகள். குரல் உடைந்துவிட்டது. கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் அவளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பதிவு செய்யும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "பேஷன்ட் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"சித்தி."

பக்கத்தில் நின்ற டிரைவரம்மா டோக்கன் எண் ஓடும் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது மூக்குத் தொண்டை டாக்டர் நடுவயதுப் பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காதைப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டார்: "வலி முதல் வாய்லதானா? இல்ல சாப்பிட்டு முடியற வரைக்கும் இருக்கா?"

அதுவரை அதை ஒருவரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுத்த டிரைவரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மகள்தான் சொன்னாள்: "முதல் வாய்லதான் டாக்டர். புளிப்புன்னா ரொம்ப."

டாக்டர் தாடை எலும்புக்குப் பின்னால் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். தொண்டையின் ஒரு பக்கம் உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. ஸ்கேனில், காதின் அடியில் இருக்கும் எச்சில் சுரப்பியின் ஆழத்தில் ஒரு கட்டி தெரிந்தது. முதல் வாய்க்கு எச்சில் ஊறும்போது வலிப்பது அதனால்தான் என்றார். ஊசி குத்தி எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை என்று வந்தது. வீட்டில் மூவரும் ஒரு நாள் முழுக்கச் சரியாக மூச்சு விட்டார்கள். ஆனாலும் அதை விட்டுவைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

"முகத்து நரம்பு அந்தச் சுரப்பி வழியாத்தான் போகுது. ஆபரேஷனுக்கு அப்புறம் வாய் ஒரு பக்கம் இழுக்கலாம், கண்ணு மூடாம இருக்கலாம். பெரும்பாலும் சரியாயிடும். வலியப் பத்தி மட்டும் உறுதி சொல்ல மாட்டேன். சில பேருக்கு கட்டி போனப்புறமும் இருக்கும்."

"வண்டி ஓட்டலாமா?"

"கண்ணு நல்லா மூடித் திறந்தா ஓட்டலாம்."

ஆபரேஷனுக்கு முந்தின மாலை மகள் கட்டிலோரம் உட்கார்ந்து போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நான் அந்த மீனுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"நல்லா இருந்திருக்கும். ரெண்டாவது வாய்க்கு நீ விட்டாத்தானே?" என்றாள் டிரைவரம்மா. மகள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சொன்னபடியே முகத்தின் இடது பாதி தொய்ந்துவிட்டது. தண்ணீர் குடித்தால் வாயோரம் ஒழுகும். தூங்கும்போது கண் பாதி திறந்தே கிடக்கும். மகள் சொட்டு மருந்து விட்டு, இமையை இழுத்து, பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள். பேச்சில் 'ப' வராது. "அப்பாவைக் கூப்பிடு" என்று சொல்ல முடியாமல் "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்பாள் மகளிடம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைக்கும். அந்த மாதங்களில் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு பெரும்பாலும் அதற்குத்தான்.

டிப்போவில் அவளை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பேருந்தில் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்புகள். வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் குடையைப் பார்ப்பார்கள். முகத்தை இத்தனை காலம் கைக்குள் வைத்திருந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை ஊதிப் பார்ப்பாள். காற்று ஒரு பக்கமாக வெளியேறிவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விளக்கை அணைத்துவிட்டு வருவாள்.

கண் முதலில் மூடியது. வாய் பின்னால் வந்தது, முழுதாக இல்லை. சிரித்தால் இப்போதும் இடது ஓரம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். பரிசோதித்த மருத்துவ அதிகாரி இமையைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்றார்.

வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. இனி போகாது என்று அவளும் ஒத்துக்கொண்டுவிட்டாள். பழைய தடத்தில் வண்டி எடுத்த முதல் நாள், மத்தியானம் கேன்டீனில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் டிரைவரம்மா சொன்னாள்:

"முதல் வாய்க்கு என் மூஞ்சி கொஞ்சம் கோணும். யாரும் பயப்படாதீங்க."

"நீங்க நிதானமாச் சாப்பிடுங்கம்மா. நாங்க அந்தப் பக்கம் பாக்கறோம்" என்றார் மெக்கானிக். மேசையே ஒன்றாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்று டப்பாவில், புளிக்கும் என்று தெரிந்தே அவள் கேட்டு, மகள் நறுக்கி வைத்திருந்த பச்சை ஆப்பிள் இருந்தது. நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது.