அம்மிணி பேசிய போன்

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் அவளை அம்மிணி என்றுதான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் எல்லாருமே அம்மிணிதான். ஆனால் அவளை அப்படிச் சத்தமாகக் கூப்பிட்டுப் பயனில்லை. பின்னால் நின்றால் தோளைத் தொட வேண்டும். அறைக்குள் இருந்தால் விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டும். தரையை ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்புவாள். எப்படிப் பார்த்தாலும், அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் இருக்கும் இடத்துக்கு ஓர் ஆள் போயாக வேண்டும்.

கோயமுத்தூருக்குப் பக்கத்துப் பனியன் ஊரில், ராயபுரத்தில் எங்கள் வீடு. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மிணி கோயமுத்தூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டுப்போன இடம் எல்லாம் பார்த்து ஒதுக்கும் வேலை. நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு நான் ஒருவன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், புதிதாக புரோகிராம் எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான்.

அம்மிணியோடு பேச எங்களிடம் வீட்டுச் சைகைகள் இருந்தன. பள்ளியில் அவள் கற்ற சைகைமொழி எங்களுக்குத் தெரியாது. நாங்களாக உண்டாக்கிக்கொண்டவைதான் இவை. இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டினால் அப்பா. மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. காற்றில் விரல்களால் தட்டினால் நான். சோறு, தண்ணீர், காய்ச்சல், கம்பெனி லீவு, பணம், மழை. இவற்றை வைத்துக்கொண்டே எங்கள் காலம் ஓடியது. இதற்கு மேல் அவளிடம் பேச என்ன இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செல்போன் கொஞ்சம் கொஞ்சமாக எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, நான் வெளிநாட்டுல இருந்தாலும் இங்க எந்தத் தையல் லைன்ல எத்தனை பீஸ் ஆச்சுன்னு எனக்குத் தெரியோணும். போன் போட்டுக் கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கம்ப்யூட்டரே நேரா என்ர போனுக்கு மெசேஜ் அனுப்புமா?"

அனுப்பும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று பிறகுதான் யோசித்தேன். ஒரு செல்போனைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து, மணிக்கொரு தடவை கணக்கை எடுத்து அதன் வழியாக அனுப்பும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கக் கம்பெனியின் இன்னொரு போனை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சத்தத்தை நிறுத்தி, அதிர மட்டும் வைத்து, மேசைமேல் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

மேசையில் அம்மிணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது. கத்தியை வைத்துவிட்டு உள்ளங்கையை மேசையில் பதித்தாள். மேலே மின்விசிறியைப் பார்த்தாள், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், கடைசியில் போனைக் கையில் எடுத்தாள். அப்போது அடுத்த லைனின் கணக்கும் வந்து சேர, கைக்குள்ளேயே அது இன்னொரு முறை அதிர்ந்தது. கீழே போட்டுவிடுவாள் என்று எழுந்தேன். போடவில்லை. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் விரல்களை மூடிக்கொண்டாள்.

யார் அனுப்பியது என்று கையால் கேட்டாள். காற்றில் தட்டிக் காட்டினேன். நீதான் இங்கே இருக்கிறாயே என்று என்னைச் சுட்டினாள். நானில்லை, ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டர், ஆளில்லாமல் அதுவே அனுப்புகிறது என்று பெட்டி வரைந்து, கதவு பூட்டி, விளக்கணைத்து எல்லாம் நடித்துக் காட்டினேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தாள். விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கம்பெனியில் என் புரோகிராம் நின்றுபோயிருந்தது. கம்பியில் கட்டிய போனுக்கு யாராவது பதில் அனுப்புவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. வந்த பதிலை என்ன செய்வதென்று தெரியாமல் அது முழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ்: "நீ சாப்பாடு ஆச்சா? ராத்திரி ஆபீஸ் தனியா. பயம் இல்லையா?"

எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் ஆள் இருப்பதாக நினைத்துவிட்டாள், பாவம். சாயங்காலம் அவளை உட்காரவைத்து, கம்ப்யூட்டர் சாப்பிடாது, அதற்கு வயிறு இல்லை, பயமும் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். நான் முடிக்கும்வரை முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். கேலி! ஒரே வீட்டில் பிறந்து, ஒரே குண்டாவில் சோறு எடுத்துத் தின்று வளர்ந்தவள். அவள் இப்படிக் கேலி பேசக்கூடியவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த சம்பளத்தில் அவளுக்கு ஒரு சாதாரண போன் வாங்கினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "காது கேக்காத புள்ளைக்கு எதுக்குக் கண்ணு போனு? தெருவுல பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?" சிரிக்கவும்தான் செய்தார்கள். அம்மிணி அதையெல்லாம் கவனிக்கவில்லை. போனை இடுப்பில் சுடிதாருக்குள் செருகிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள்.

செத்துப்போன செல்போன் ஒன்றை ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதிர வைப்பது என்ன தெரியுமா? ஒரு சின்ன மோட்டார், ஏறக்குறைய நிலக்கடலை அளவு. அதன் முனையில் ஒருபக்கம் மட்டும் கனமாக ஒரு துண்டு உலோகம். மோட்டார் சுற்றும்போது அந்தக் கோணல் பாரம் மொத்தப் போனையும் குலுக்குகிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சத்தமில்லாமல் அழைப்பைத் தெரிந்துகொள்ளட்டும் என்று யாரோ எங்கேயோ வைத்தது. அந்தக் கடலையளவு மோட்டார் வழியாகத்தான், அம்மிணியை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூரத்திலிருந்து ஒருவர் கூப்பிட முடிந்தது. நான் படித்த படிப்பும் பார்க்கிற வேலையும் இதைப் பற்றித்தான். ஆனாலும் அதை நினைக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் கையில் வேலை ஓடாது.

அந்த வருடம் ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. நான் பைக்கில் நனைந்துகொண்டு வந்தபோது, அம்மா தெருமுனையில் மூடியிருந்த கடையோரம் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மிணி வேலைக்குப் போன நாளிலிருந்து சாயங்காலம் அங்கே போய் நிற்பது அவள் வழக்கம். கம்பெனி வண்டி வந்து பிள்ளை இறங்கும்வரை நகர மாட்டாள். அன்றைக்கு வண்டி வரவில்லை.

"ஆத்துல தண்ணி பாலத்துக்கு மேல போகுதாம் சாமி. அவ எங்க நிக்கறாளோ, யாருகிட்டக் கேப்பா?" என்றாள்.

நான் வண்டியைத் திருப்பப் போனேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மழையில் நனையாமல் குடைக்குள் பிடித்துச் சத்தமாகப் படித்தேன்.

"மழை பெரிசு. ஆறு தண்ணி. வண்டி நிக்குது. நான் கம்பெனி உள்ளே. டீ பன் சாப்பிட்டேன். அம்மா தெருமுனை நிக்குது, எனக்குத் தெரியும். சொல்லு வீடு போ. கால் வீங்கும்."

அம்மா குடையை என் பக்கம் சாய்த்தாள். "இன்னொருக்காப் படி கண்ணு" என்றாள். படித்தேன்.

"அவளேவா சொல்றா? இத்தனையும்?"

"அவளேதாங்கம்மா. நான் ஒரு வார்த்தையும் சேர்க்கலைங்க."

"என்ர காலு வீங்கறது அவளுக்குத் தெரியுமா?" அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழைத்தண்ணியா வேறெதுவுமா என்று நான் பார்க்கவில்லை. "நான் யாருகிட்டயும் சொன்னதே இல்லியே."

மகளின் வாயிலிருந்து அம்மா ஒரு முழு வாக்கியம் கேட்டதில்லை. முதலில் வந்ததே அவளுடைய காலைப் பற்றித்தான். சொன்ன பேச்சைக் கேட்டு வீட்டுக்கு நடந்தாள். வெள்ளம் வடிந்த பிறகு அம்மிணியைப் பைக்கில் கூட்டி வந்தேன். வாசலில் இறங்கியதும் அம்மா அவள் தலையைத் துவட்டி, துவட்டி முடித்த பிறகும் துண்டை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு போன் வேண்டாம் என்ற பேச்சே இல்லை. அம்மா தனக்கும் கற்றுத்தரச் சொன்னாள். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தமிழ் வரும் போன் ஒன்றைத் தேடி வாங்கினேன். அதிலிருந்து அனுப்பியது அம்மிணியின் போனில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. அவளுக்கும் போனை மாற்ற வேண்டியிருந்தது. அம்மா மத்தியானம் பூராவும் உட்கார்ந்து, மூக்கில் கண்ணாடி வழிய, தன் முதல் செய்தியை அடித்தாள்: "போசி மறந்துட்ட". சோறு கட்டிவைத்த பாத்திரத்தை அம்மிணி வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். உடனே பதில் வந்தது: "அம்மா நீயா? நீயா?"

பிறகு இருவரும் போனிலேயே சண்டையும் போட்டுக்கொண்டார்கள். "அம்மிணி எதிர்த்துப் பேசறாளுங்க, வாய் சாஸ்தி" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னதை நானே கேட்டேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை என்னவென்று சொல்வது!

பள்ளியில் அம்மிணியோடு படித்த பையன் ஒருவன் மடத்துக்குளத்தில் இருந்தான். அவனுக்கும் காது கேட்காது. குடும்பத்துக்குக் கரும்பு, தென்னை எல்லாம் உண்டு. அவன் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நம்பர் யார் யார் கைமாறியோ அவனிடம் போய், இருவரும் இரண்டு வருடமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருநாள் அம்மிணி போனை என்னிடம் நீட்டினாள். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவன் கேட்டிருந்தான். யோசித்துச் சொல்கிறேன் என்பது இவள் பதில். யோசித்துவிட்டாயா என்று கையால் கேட்டேன். ஆமென்று நிதானமாகத் தலையசைத்தாள்.

அப்பா தயங்கினார். "ரெண்டு பேருக்குமே கேக்காதுன்னா எப்படிக் கண்ணு குடும்பம் நடத்துவாங்க?" ஆனாலும் வரச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அம்மிணி காபி கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்தாள். இருவரும் சைகையில் பேச ஆரம்பித்ததும் கூடமே பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அம்மிணிக்கு வெட்கம் வந்துவிட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் மெதுவாகப் பையிலிருந்து போனை எடுத்தான். அடுத்த கணம் அம்மிணியின் இடுப்பில் போன் அதிர்ந்தது.

பெரியவர்கள் மழை, கரும்பு விலை, சொந்தபந்தம் என்று பேசிக்கொண்டே போனார்கள். இவர்கள் இருவரும் தலையைக் குனிந்து தட்டுவதும், படிப்பதும், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவதுமாக இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் அவர்கள் தனியாக இருந்தார்கள்.

பையனின் அப்பா பொறுக்க முடியாமல் என்னிடம் குனிந்தார். "ஏனுங், அப்படி என்னத்தைத்தானுங் சிரிக்கறாங்க?"

"தெரியலீங்க மாமா" என்றேன். பிறகு அம்மிணியிடம் கேட்டும் பார்த்தேன். அது உனக்கில்லை என்று கையால் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அம்மிணி மடத்துக்குளம் போன பிறகு வீட்டில் விளக்கை அணைத்துப் போடவும், தரையை மிதிக்கவும் வேலை இல்லாமல் போயிற்று. அப்பாவுக்குத்தான் அதிகக் கஷ்டம். அவருக்குச் செய்தி அடிக்க வராது, கைச்சைகை மட்டும்தான். கம்பெனி ஒதுக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, சரிசெய்து, அவர்கள் வீட்டில் வைத்து, பிராட்பேண்ட் இழுத்து, ஒரு வெப்கேமராவும் மாட்டிக்கொடுத்தேன். இங்கேயும் ஒன்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் புரியவில்லை. படம் திக்கித் திக்கி வந்தது. அம்மிணி கையை அசைத்தால் திரையில் புகைபோல் ஒரு கறைதான் தெரிந்தது. வாய்ப்பேச்சுக்கு அது போதும், கைப்பேச்சுக்குப் போதாது. படத்தைச் சின்னதாக்கினேன். அவள் முகத்துக்கு நேரே ஒரு டியூப்லைட் போடச் சொன்னேன். பூப்போட்ட சேலையை மாற்றிவிட்டு அடர்நிறத்தில் வெறுஞ்சேலை கட்டிக்கொண்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்காரச் சொன்னேன். அடுத்த ஞாயிறு விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அப்பாவும் அம்மாவும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் கட்டிலில் இருந்தேன். கட்டிங் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அப்பாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. அவர் வாயைத் திறக்காமல் கையால் பேசிக்கொண்டிருந்தார், சிரித்தார், கோபித்தார். மின்விசிறியின் சத்தம் தவிர வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு பேச்சு நடந்த ஒரு மத்தியானத்தை எங்கள் வீடு அதற்கு முன் பார்த்ததில்லை.

நடுவில் அம்மிணி நிறுத்தினாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, நெஞ்சோடு சேர்த்து, இப்படியும் அப்படியுமாக மெதுவாக ஆட்டினாள்.

அந்தச் சைகை எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. எனக்குப் புரிவதற்குள் அம்மா வாய்விட்டுக் கத்திவிட்டாள். சத்தம் அங்கே போய்ச் சேராது என்று உடனே நினைவு வர, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். திரையில் அம்மிணி சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "உடம்பைப் பாத்துக்கன்னு எப்படிச் சொல்றது கண்ணு?"

அதற்கும் எங்களிடம் சைகை இல்லை. அப்பா கொஞ்சம் யோசித்தார். உள்ளங்கையைத் தன் வயிற்றில் வைத்தார், பிறகு அந்தக் கையை எடுத்துக் கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். சரியாகச் சொல்லிவிட்டோமா என்ற சந்தேகத்தோடு திரையைப் பார்த்தார்.

அம்மிணி அதையே திருப்பிச் செய்துகாட்டினாள். பிறகு, புரிந்தது என்று தலையை ஆட்டினாள்.