சீட்டு இல்லாத பதினான்காம் பாட்டில்

செய்தி வந்தபோது நான் களத்தில் துணி திருப்பிக்கொண்டிருந்தேன். வெளுத்த பனியன் துணியை வெயில் ஏற ஏற மறுபக்கம் போடவேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் கோடு விழுந்துவிடும். தெய்வானை அக்காவின் அண்ணன் பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். உள்ளே வரவில்லை. மாஸ்டரிடம் ஏதோ சொன்னார். மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனாலும் கையிலிருந்த துணியை முழுதாகத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன்.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. காய்ச்சலாக ஆரம்பித்துக் காமாலையாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தார்.

உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு இந்தச் சலவைப் பட்டறைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. பதினாறாம் நாளுக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று பட்டறைப் பெண்கள் முடிவு செய்தபோது, மாராத்தாள் அக்காதான் என்னைக் காட்டினார். "அவளோட பாட்டிலுக்கெல்லாம் சீட்டு எழுதுனவ நீதான கண்ணு. இதையும் நீயே எழுதிப்போடு" என்றார். அதனால் எழுதுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்கவும் எழுதுகிறேன். அக்கா கடைசியாகச் செய்த ஷாம்புவில் என்ன சேர்த்தார் என்று யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரு வழியையும் நானே மூடிவிட்டேன்.

பட்டறையில் நிற்கிறவர்களுக்கு முடியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பிளீச்சிங் பவுடர் காற்றில் பறந்து தலையில் இறங்கும். வியர்வையோடு சேர்ந்து முடியைச் செம்பட்டையாக்கி, தேங்காய் நார்போல் முறுக்கிவிடும். சோப்புப் போட்டால் அழுக்குப் போகும்; சிக்கு இன்னும் இறுகும். அரப்பு இலைப்பொடி போட்டால் முடி மிருதுவாக இருக்கும். ஆனால் பிசுக்குப் போக இரண்டு முறை தேய்க்கவேண்டும், இலைத்தூள் போக நாலு குடம் ஊற்றி அலசவேண்டும். குழாயடியில் காத்துக் கிடந்து நாலு குடம் பிடித்தால் அதில் சமைப்பதா, தலைக்கு ஊற்றுவதா?

"ஒரு குடம் தண்ணியில ரெண்டு வேலையும் முடியோணும் கண்ணு. அழுக்கும் போகோணும், சிக்கும் எடுபடோணும்." இதை அக்கா சொல்லாத நாள் இல்லை. வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதல் பாட்டிலை அவர் கலந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் பட்டறையில் துணிக்கு இரண்டு தொட்டி. ஒன்றில் சோப் ஆயில்; அது அழுக்கை எடுக்கும். நன்றாக அலசிய பிறகு கடைசித் தொட்டியில் சாப்ட்னர். அது துணியை மெத்தென்று ஆக்கும். நடுவில் சரியாக அலசாவிட்டால் இரண்டும் சேர்ந்து திரிந்து, துணி முழுக்கத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் சொல்லிவிடுகிற விஷயம் இது. அது தெரிந்தும் அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினார். கெட்ட பால்போல் திரிந்தது. மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"ஏனுங் தெய்வானை, பதினஞ்சு வருசமாத் தொட்டியில நிக்கறீங்க. ரெண்டும் சேராதுன்னு தெரியாதுங்களா?"

"துணிக்குச் சேராதுன்னு தெரியுமுங்க. தலைக்குச் சேருமான்னு யாரும் சொல்லலீங்களே."

"தலைன்னா சேர்ந்துருமாக்கும்?"

"சேராதுன்னு இப்பத்தானுங்க தெரிஞ்சுது. நீங்களும் பாத்துட்டீங்க, சாட்சியாச்சு."

மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, பாட்டிலில் கட்ட ஒரு சீட்டு எழுதச் சொன்னார். சோப் ஆயில் இரண்டு மூடி, சாப்ட்னர் ஒரு மூடி என்று எழுதி, கீழே "சரியாக வரவில்லை" என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார்.

"அதென்ன சரியா வரல? திரிஞ்சுதுன்னா திரிஞ்சுதுன்னே எழுது. மழுப்பி எழுதி வெச்சா அடுத்த மாசம் நாமளே ஏமாந்து இதையே மறுபடி கலக்குவோம்."

அடித்துவிட்டுத் "திரிந்தது" என்று எழுதினேன்.

என் தலைதான் அவருக்குச் சோதனைத் தலை. "உங்க தலையில போட்டுப் பாக்கலாமுங்களே அக்கா" என்று ஒரு தடவை கேட்டேன். "என்ற தலை பதினஞ்சு வருசமா வெந்த தலை. எதைப் போட்டாலும் ஒண்ணும் தெரியாது. உன்றது இப்பத்தான் கெட ஆரம்பிச்சிருக்குது. நல்லா வரட்டும், கடைசியா நான் போட்டுக்கறேன்" என்றார். ஆறாவது பாட்டில் அரப்புத் தண்ணீரில் சாப்ட்னர் கலந்தது. எவ்வளவு வடிகட்டியும் இலைத்தூள் நின்றது. மறுநாள் பட்டறையில் மாராத்தாள் அக்கா என் தலையைப் பார்த்து, "என்னாயா தெய்வானை, புள்ள தலையில மரமே வளத்தீட்டயா? குருவி வந்து கூடு கட்டிறப் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அக்கா என் பின்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல், மதியம் முழுக்க ஒவ்வொரு தூளாக எடுத்தார். "எறும்பு கடிச்ச அளவுகூட வலிக்காது, இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலித்தது.

ஒன்பதாவது பாட்டிலில்தான் வழி கிடைத்தது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, பனியன் துணியை நாலாக மடித்து வடிகட்டினார். சாப்ட்னரை வெந்நீரில் கரைத்து அதில் விட்டார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். திரியவில்லை. என் தலையில் நுரை வந்தது. பவுடர் வாசனை போனது. சீப்பு பாதிவரை நிற்காமல் இறங்கியது. அக்கா என் முடியில் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து உருவி, காதருகே வைத்துக் கேட்டார். கெட்ட முடி உருவினால் கிறீச்சிடும் என்பார். "சத்தம் கொறஞ்சிருக்குது" என்றார். ஆனால் மூன்றாம் நாள் பாட்டிலைத் திறந்தால் புளித்த நாற்றம். பத்தாவதில் எலுமிச்சை, பதினொன்றில் உப்பு, பன்னிரண்டில் கற்பூரம், பதின்மூன்றில் வேப்பிலை. எல்லாம் மூன்றாம் நாள் புளித்தன. தினமும் பூந்திக்கொட்டை கொதிக்கவைக்க எந்தப் பெண்ணுக்கு நேரம் இருக்கிறது? புளிக்காமல் நின்றால்தான் அது ஷாம்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் வேலைக்குப் போகவில்லை. வந்தவர்களில் ஒரு அம்மாள் போகும்போது, "புள்ள லட்சணமாத்தான் இருக்குது. தலைதான் சோளத்தட்டாட்ட இருக்குது" என்று என் காதில் விழவே சொன்னார். மறுநாள் வீங்கிய கண்ணோடு பட்டறைக்குப் போனேன். அக்கா எதுவும் கேட்காமல் துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை என் கையில் வைத்தார்.

"நீ இல்லாத நேரத்துல கை சும்மா இருக்கல. போட்டுப் பாரு. என்ன சேத்தேன்னு இப்பக் கேக்காத. மூணு நாள் தாண்டட்டும். ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா, சொல்லறேன். சீட்டு எழுதோணுமல்ல?"

அதுதான் பதினான்காம் பாட்டில். அன்று மாலையே தலைக்கு ஊற்றினேன். ஒரு குடம்தான். சீப்பு நுனிவரை இறங்கியது. வெள்ளிக்கிழமை திறந்து முகர்ந்தேன், புளிக்கவில்லை. அக்காவிடம் சொன்னேன். அவர் கைகொட்டிச் சிரித்தார். சனிக்கிழமை அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனபோது, காலையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். கண் மஞ்சளாக இருந்தது. கட்டிலைச் சுற்றி அக்காவின் அண்ணியும் உறவினர்களும் நின்றார்கள். என்னை அவர்தான் முதலில் பார்த்தார்.

"தலை எப்பிடி இருக்குது கண்ணு?"

"நல்லா இருக்குதுங்க்கா."

"பாட்டிலு?"

"புளிக்கலீங்க்கா. பத்து நாளாச்சு."

அவர் முகம் மலர்ந்தது. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோறு தண்ணி எறங்காமக் கெடக்கறா, இப்பப் போயி பாட்டிலுப் பேச்சு" என்றார். கோபமில்லை, பயம். ஆனால் நான் கேட்கவந்ததும் அந்தப் பாட்டில் பேச்சைத்தான். என்ன சேர்த்தீங்க? இரண்டே வார்த்தை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக அந்த இரண்டு வார்த்தையை விழுங்கிவிட்டுப் பஸ் ஏறினேன். அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவை போனபோது அவருக்கு நினைவு இல்லை.

அந்த வாரம் கோயமுத்தூரிலிருந்து சாப்ட்னர் கொண்டுவருகிறவர் பட்டறைக்கு வந்தார். மாஸ்டர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "அந்தப் பாட்டிலைக் குடும்மா, லேபுல குடுத்துப் பாக்கறேன். என்ன இருக்குதுன்னு சொல்லீருவாங்க" என்றார். அடுத்த முறை வரும்போது தருவதாகத் தலையாட்டினேன். முக்கால் பாட்டில் இருந்தது.

அவர் மறுபடி வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

அக்கா வீட்டு வாசலில் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து, புறங்கையால் எண்ணெயும் அரப்பும் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு சேலையை மறைவாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் குளிப்பாட்டினார்கள். பட்டறைப் பெண்களோடு நானும் மறைவுக்குள் நின்றேன். பன்னிரண்டு நாள் கட்டிலில் கிடந்த தலை. முடி முழுக்க ஒரே கட்டியாகத் திரண்டிருந்தது. ஒரு பெரியம்மா சீப்பை வைத்து இழுத்தார். சீப்பின் பல் உடைந்தது.

"இதைச் சீவ முடியாதாயா. கத்தரியக் கொண்டாங்க. வெட்டிப்போட்டு மீதிய முடிஞ்சரலாம்."

"வேண்டாங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கத்தரி வந்துவிட்டது. "வேண்டாங்க!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆரு இந்தப் புள்ள?"

"பட்டறைப் புள்ளைங்" என்றார் மாராத்தாள் அக்கா.

"எனக்கு ஒரு குடம் தண்ணி குடுங்க" என்றேன்.

"இந்தத் தலைக்கு ஒரு குடம் எங்க கண்ணு பத்தும்?"

"பத்துமுங்க."

பாட்டில் என் இடுப்பில் இருந்தது. லேபுக்குக் கொடுக்கக் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம் என்று நினைத்துத்தான் ஊற்றினேன். சிக்கு அடிவரை இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முழுவதும் தேவைப்பட்டது. கடைசிச் சொட்டு விழுந்தபோது எனக்குத் தெரிந்தே விழுந்தது. விரலால் பிரித்தேன். கட்டி இளகியது. தண்ணீர் ஊற்றினேன். உடைந்த சீப்பை வாங்கி உச்சியில் வைத்தேன். அது நுனிவரை நிற்காமல் வந்தது.

அண்ணி கையை வைத்துத் தடவிப் பார்த்தார். "இது தெய்வானை தலைதானா சாமி?" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினான்கு பாட்டிலில் ஒன்றைக்கூட அக்கா தன் தலையில் போட்டதில்லை. குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஐந்து பாட்டில் கலந்துவிட்டேன். அக்காவின் அறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். பூந்திக்கொட்டையும் சாப்ட்னரும் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையோ அதற்கு முன்போ அவர் உங்களில் யாரிடமாவது ஏதாவது வாங்கினாரா? ஒரு வேர், ஒரு பட்டை, ஒரு பொடி, அடுப்பங்கரைச் சாமான், எதுவானாலும் சொல்லுங்கள். அற்பமாகத் தோன்றினாலும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் நானே உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். பேச்சு வராவிட்டாலும் நின்றுகொண்டிருப்பேன்.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது இந்தச் சீட்டுகளும், மழுப்பி எழுதாதே என்ற ஒரு சொல்லும்தான். பதினான்காம் சீட்டில் "ஒரு குடம். அடியில் மிச்சம் இருந்தது" என்று எழுதியிருக்கிறேன். கலந்தது என்ன என்ற இடம் காலியாக இருக்கிறது. இன்று காலை பத்தொன்பதாம் பாட்டிலைத் திறந்தேன். மூன்றாம் நாள். முகர்ந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: புளித்துவிட்டது.