டீ ஆறும் வரை

அண்ணனின் பழைய பைக்குக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் இரண்டு. பழனியில் மெக்கானிக் சரிசெய்து தந்தால் அங்கே ஒழுங்காக ஓடும். மலையேறி எங்கள் ஊருக்கு வந்து நின்றதும் அணைந்துவிடும். விற்கப்போவதாகச் சொன்னான். எனக்கோ அந்த வண்டியின் மேல் ஒரு கண்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மலைமேல் காற்று மெலிசு, பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்றேன்.

“படிச்ச திமிரு! ஒரு டீ ஆறுற வரைக்கும் அணையாம நிக்கட்டும், சாவி ஒனக்கு,” என்றான் அண்ணன்.

கட்டட வேலையில் அப்பா மட்டம் பார்க்கும் டியூப்பில் ஆயில் ஊற்றி, இரு முனைகளையும் இரண்டு கார்புரேட்டர்களில் மாட்டினேன். வண்டியைக் கிளப்பியதும் இடப்பக்கம் ஆயில் ஏறியது; அந்தப் பக்கம் காற்றை அதிகமாக இழுக்கிறது. இரு பக்கமும் ஆயில் சமமாக நிற்கும்வரை கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினேன். பிறகு பெட்ரோலைக் குறைத்தேன்.

டீயை அகலத் தட்டில் ஊற்றி, பனிக்காற்று வீசும் வாசலில் வைத்தேன்.

“தொட்டுப் பாருங்கண்ணே, ஆறிருச்சு.”

“ஐஸா கெடக்கு! ஏமாத்துறியா புள்ள?”

அம்மாவிடம் இன்னொரு டீ வாங்கி, டம்ளரைத் துண்டால் பொத்திப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அதுவும் ஆறியது. வண்டி அணையவில்லை.

பழனிக்கு அண்ணன் பஸ்ஸில்தான் இறங்கினான்.