கூப்பிடுவார்கள் என்று இருந்தேன்

என் மகள் பெரியபிள்ளையான செய்தியை எனக்குச் சொன்னவள் ஒரு பிரெஞ்சுக்காரி. மகளை வளர்க்கச் சொல்லி நீதிமன்றம் ஒப்படைத்திருந்த வீட்டுக்காரி. தேவையானதை வாங்கிக் கொடுத்தேன், விளங்கப்படுத்தினேன், கவலைப்பட ஒன்றுமில்லை என்று, பால்பல் விழுந்த கதைபோலத் தொலைபேசியில் சொல்லி முடித்தாள். நான் அப்போது எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் ஓர் உணவகத்தின் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். அழுதாலும் ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அந்த அளவில் வசதி.

மகளை என்னிடமிருந்து எடுத்தது தகப்பனால். குடித்தால் அந்த மனுசனுக்குக் கை நீளும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் முதுகைப் பார்த்துவிட்டுச் சிறுவர் பாதுகாப்புக் கந்தோருக்கு அறிவித்தார்கள். அவர்கள் செய்தது சரி, அதை இன்றைக்கும் சொல்வேன். பிறகு அந்த ஆள் லண்டனுக்குப் போய்த் தொலைந்தார். வீட்டில் அடிக்க ஆளில்லை, இனிப் பிள்ளையைத் தருவார்கள் என்று நம்பினேன். புதன்கிழமைகளில் பொபினியில், அந்தக் கந்தோரின் ஓர் அறையில், ஒரு கண்காணிப்புக்காரி பார்த்திருக்க, மகளோடு இருப்பேன். சனி ஞாயிறில் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பேச்சும் தொடங்கியிருந்தது.

அதற்குள்தான் இந்த முட்டை. பெரியபிள்ளையானவளுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்காவிட்டால் பிற்காலத்தில் இடுப்பு நிற்காது என்று சொல்லித்தான் என் வாயிலும் ஊற்றினார்கள். சடங்கு செய்ய மண்டபமும் பல்லக்கும் எடுக்க எனக்குக் கட்டாது. இதையாவது செய்வோம் என்று ஒரு முட்டையையும் சின்னப் போத்தலில் எண்ணெயையும் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். மகள் மணந்து பார்த்துவிட்டு "நோன்" என்று முகத்தைத் திருப்பினாள். எந்தப் பிள்ளைதான் ஓம் என்று குடித்தது? எனக்குச் செய்ததுபோலவே மூக்கைப் பொத்தி ஊற்றினேன். விழுங்கினாள், உடனே அவ்வளவையும் சத்தி எடுத்தாள். கண்காணிப்புக்காரி பாய்ந்து வந்து போத்தலைப் பறித்தாள். நான் என்ன நஞ்சா கொடுத்தேன்?

பிள்ளை கொஞ்சம் ஆறட்டும், சில நாட்களுக்கு வரவேண்டாம், நாங்கள் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். கந்தோரில் இருக்கச் சொன்னால் இருக்கப் பழகிய சனம் நாங்கள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டும் அப்படித்தான் இருந்தோம். இடையில் போய்க் கேட்டால் எரிச்சல் வந்து மறுத்துவிடுவார்கள் என்று பயம். கடைத்தெருவில் கண்ட பெண்களும் அதையேதான் சொன்னார்கள்.

"போய்க் குழப்பாதேங்கோ அக்கா. இஞ்சை வாயைத் திறந்தால் இன்னும் பெரிசாக்குவாங்கள். பேசாமல் இருங்கோ."

பேசாமல் இருந்தேன். பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டையை அனுப்பாமல் அலுமாரியில் வைத்தேன், வீட்டுக்கு வந்து போடட்டும் என்று. அப்படிப் புத்தி சொன்னவர்களில் ஒருத்தி தன் மகளின் சடங்குக்குப் பொண்டியில் மண்டபம் எடுத்தாள். பிள்ளையைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள். நானும் போய்ச் சிரித்துப் படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டு வந்தேன். வயிறு எரிந்தது என்பதை மறைப்பானேன்? இவள் நல்ல தாய் என்று எனக்காக ஒரு வார்த்தை சொல்ல அந்த மண்டபத்தில் இருந்த ஒருத்தியும் நீதிமன்றப் பக்கம் வரவில்லை. அவரவருக்கு விசாப் பயம், புருசன் பயம்.

ஒரு வருடம் தாண்டிய பிறகு கூப்பிட்டார்கள். கூப்பிட்டது நீதிமன்றம். பெற்றவர் ஒரு வருடம் பிள்ளையைத் தேடாவிட்டால் கைவிட்டதாகத் தீர்ப்பளிக்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, பிள்ளைமேல் உள்ள உரிமை முழுவதும் அரசுக்குப் போய்விடும் என்று வழக்கறிஞர் நடைபாதையில் வைத்துச் சொன்னார். கைவிட்டவளா? நானா?

"வரவேண்டாம் எண்டு சொன்னது ஆர்? முதல் அதைக் கேளுங்கோ!" என்று நீதிபதியைப் பார்த்துத் தமிழில் கத்தினேன். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர். அதைப் பணிவாக்கிச் சொன்னார்.

சில நாட்கள் என்றுதானே உங்களுக்குச் சொன்னார்கள், வளர்த்தவர்களின் தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருந்ததே, ஒரு தடவை எடுத்தீர்களா என்று நீதிபதி கேட்டார். அந்த நீதிபதி அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. அடுத்ததாக, மகள் தனியாக வந்து தன்னிடம் சொன்னதை வாசித்தார். என்னுடையது அடுப்படிப் பிரெஞ்சு. ஆனாலும் அது போதுமாக இருந்தது.

முட்டையை அவள் அடுத்த கிழமையே மறந்துவிட்டாளாம். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் உடுப்பு மாற்றிக்கொண்டு, அம்மாவிடம் கூட்டிப்போவார்கள் என்று யன்னலடியில் இருப்பாளாம். தன்னைப் பார்க்கவேண்டும் என்று அம்மா கேட்கவே இல்லை என்று தெரிந்ததும் உடுப்பு மாற்றுவதை விட்டுவிட்டாளாம். இனி அம்மா வேண்டாமாம்.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்ல என் பக்கம் திரும்பினார்.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "விளங்கிட்டுது."