கூரைக்குப் போன பனை

"கார்த்திகை, வெள்ளி. காலை முதல் வாடைக்காற்று. சம்மாட்டி தம் வள்ளத்தில் மணலை நிரப்பி ஆற்றில் அமிழ்த்திவிட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்."

நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறம் என் கையெழுத்தில் இருக்கிறது இந்தக் குறிப்பு. வருடம் அச்சாகியிருந்த மூலை நனைந்து பிய்ந்துவிட்டது. நாற்பதுகளில், மண்ணெண்ணெய்க்குப் பங்கீட்டு அட்டை இருந்த காலம் என்பது நிச்சயம். அடுத்து வந்த ஞாயிறு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு என்பதும் நிச்சயம். புயலில் கூரை போன கோயிலில் பூசை நடந்ததை வாசலில் நின்று பார்த்தேன். இதற்கு மேல் வருடத்தைத் துணிந்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்போது ஆத்தூருக்குக் கிழக்கே, ஆற்று முகத்தை ஒட்டிய மீனவர் ஊரில் எனக்குக் கடை. கயிறு, கருப்பட்டி, தார், அரிசி எல்லாம் விற்பேன். ஊருக்குப் பின்னால் தேரி என்னும் செம்மணல் மேட்டில் எங்கள் குடும்பத்துப் பனங்காடு. ஊரார் கத்தோலிக்கர், மீன்பிடிப்பும், பருவம் வந்தால் சங்கு குளிப்பும் தொழில். நான் சொல்லும் சம்மாட்டி சொந்த வள்ளம் வைத்திருந்தவர். வள்ளத்துக்குச் சொந்தக்காரரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

வெள்ளிக்கிழமைச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மற்றவர்கள் வள்ளங்களைக் கரையேற்றித் தென்னையில் கட்டியிருந்தார்கள்.

"புயலுக்கு எதுக்கு வீண் வேலைன்னு சம்மாட்டியே முக்கிட்டாரு" என்றார் ஒருவர்.

"சிரிங்கலே, சிரிங்க. நாளைக்கு மண்ணு அள்ள வாங்க" என்றார் சம்மாட்டி.

அன்றிரவு புயல் அடித்தது. மறுநாள் எல்லோரும் மண் அள்ள வந்தார்கள். தென்னைகள் விழுந்திருந்தன, அவற்றில் கட்டிய வள்ளங்கள் விறகாகக் கிடந்தன. ஆற்றடியில் கிடந்த வள்ளம் ஒரு பலகைகூடப் பெயராமல் எழும்பி வந்தது. முந்தின நாள் அதிகம் சிரித்தவர்தான் அதிகக் கூடை மணல் சுமந்தார்.

அந்த ஒற்றை வள்ளத்தை நம்பித்தான் ஊர் அந்தச் சங்குப் பருவத்தை எதிர்பார்த்தது. கடல் அடங்கியதும் சங்கு குளிக்கப் போவது, உடைந்த வள்ளங்களின் குளியாட்களையும் முறை வைத்து ஏற்றிக்கொள்வது என்று பேசி வைத்தார்கள். இதற்கிடையில் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் வந்து வள்ளத்தை விலைக்குக் கேட்டார். பொங்கல் கழித்துப் பதில் சொல்வதாகச் சம்மாட்டி அனுப்பி வைத்தார். சங்கு கிடைத்தால் வள்ளம் ஊரில் நிற்கும். கிடைக்காவிட்டால் விற்றுத்தான் வயிற்றைக் கழுவ வேண்டும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மார்கழி முழுக்க வீடு கட்டினார்கள். விழுந்த பனைகளை வெட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அவை கூரையின் கைமரத்துக்கும் வரிச்சலுக்கும் போயின. சம்மாட்டியின் வீட்டுக்கு உத்திரம் மட்டும் அமையவில்லை. அவருடைய மனைவி கடைக்கு வந்து, "அண்ணாச்சி, கிறிஸ்மசுக்குப் புள்ளைகள கூரைக்கடியில படுக்க வைக்கணும். நிக்கிற மரத்துல ஒண்ணு குடுங்க" என்று கேட்டார். தேரியின் உச்சியில் தனியாக நின்ற, கறுத்து முதிர்ந்த பனையைச் சம்மாட்டியே தேர்ந்தெடுத்தார். நானும் உடன் போயிருந்தேன். அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு எல்லாப் பனையும் ஒன்றுதான். வெட்டிப் பிளந்து உத்திரம் ஏற்றினார்கள். அந்த வருடம் கிறிஸ்மசுக்கு முழுக் கூரை இருந்த வீடுகளில் அதுவும் ஒன்று.

தை பிறந்து கடல் அடங்கியது. வள்ளம் புறப்பட்டது, சாயங்காலம் வெறுமையாகத் திரும்பியது. சம்மாட்டி நேரே கடைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பனை இல்லியே."

"எந்தப் பனை?"

"நம்ம பனைதான். என் வீட்டுல கெடக்கே."

கடலுக்கடியில் சங்கு விளையும் இடத்துக்குப் 'பார்' என்று பெயர். தண்ணீருக்கு மேலே அதற்கு ஓர் அடையாளமும் கிடையாது. கோயில் முகப்பின் சிலுவைக்கு நேர் மேலே தேரிப் பனையின் கொண்டை வந்து நிற்கும்படி வள்ளத்தைப் பிடித்து, அந்த நேர் தவறாமல் கிழக்கே ஓடி, ஈயக்குண்டு கட்டிய கயிறு உரிய ஆழத்தைக் காட்டும் இடத்தில் நங்கூரம் போடுவார்கள். ஊரில் எல்லாக் குளியாட்களுக்கும் அந்தப் பனை தெரியும். ஆனால் கடலிலிருந்துதான் தெரியும். கரையிலிருந்து அதை அடையாளம் பார்க்கும் தேவை யாருக்கும் வந்ததில்லை. புயல் விட்டுவைத்த பனையை அவர்களே வெட்டிவிட்டார்கள்.

விஷயம் கேட்டுக் கடைக்கு வந்த சம்மாட்டியின் மனைவி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். பிறகு சிரித்தார்.

"இனி கடலுக்கு எதுக்குப் போறீங்க? பாருதான் நம்ம வீட்டுக்குள்ள கெடக்கே. பாயில படுத்துக்கிட்டு மேல பாருங்க, சங்கு விழும்."

"ஏளா, நாலு பேரு கேக்கச் சொல்லுதியே."

"ஊரே சொல்லுது. நான் சொன்னா மட்டும் வலிக்கோ?"

கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் தோணி ஒன்று புயலில் உடைந்து, அதன் பாய்மரம் எங்கள் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று தோணிக்காரருக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். பாய்மரம் மட்டும் இருந்து என்ன செய்ய, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பனை நின்ற இடத்தில் நடுவதற்காக ஊரே சேர்ந்து அதைத் தேரிக்கு இழுத்தது. மணலில் தடி உருட்டி, ஏலேலோ போட்டு, இரண்டு இடத்தில் வழுக்கி, ஒருவருக்குக் கால்நகம் பெயர்ந்து, ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய பனையின் அடிக்கட்டையைத் தோண்டிப் பார்த்தார்கள். வேர்க்கொத்து மண்வெட்டியை உள்ளே விடவில்லை. சற்றுத் தள்ளிக் குழி வெட்டிப் பாய்மரத்தை நட்டார்கள்.

கடலிலிருந்து பார்த்தால் அது தெரியவே இல்லை. மெல்லிய கம்பு வானத்தில் கரைந்து போயிற்று. பழைய பாய்த்துணியைச் சுருட்டி உச்சியில் கட்டினார்கள். வெள்ளைத் துணியும் மேகத்தோடு மேகமாயிற்று. பதில் சொல்வதாகச் சொன்ன பொங்கலும் கழிந்துவிட்டது. தூத்துக்குடிக்காரர் இன்னொரு முறை ஆள் அனுப்பினார்.

வழி சொன்னவர் சம்மாட்டியின் மனைவிதான். "பனங்கொண்டை கறுப்பாத்தான இருக்கும்? வெள்ளையைக் கட்டினா எப்பிடித் தெரியும்? அண்ணாச்சி, தார் இருக்கா?"

பழைய சாக்குகளில் வைக்கோல் திணித்து, உருண்டையாகத் தைத்து, என் கடைத் தாரை மேலே பூசினார்கள் பெண்கள். அதை உச்சியில் கட்டியபோது கீழேயிருந்து பார்க்கத் தலைவிரித்த பூதம் போலிருந்தது.

"கோயிலுக்கு மேல பேயைக் கட்டியிருக்கீங்களே" என்றார் பங்குச் சாமியார்.

"சங்கு கிடைக்கட்டும் சாமி, எறக்கிருதோம்" என்றார் சம்மாட்டி.

அடுத்த விடியலில் வள்ளம் போயிற்று. மத்தியானத்துக்கு மேல் கரையில் பெண்கள் கூடினார்கள். பாய் தெரிந்தது. வள்ளம் தண்ணீரில் ஆழ்ந்து வருகிறதா, மிதந்து வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அமுந்தி வருதுடி!" என்று ஒரு பெண் கத்தினார்.

அமுந்தித்தான் வந்தது. சாக்குகளில் சங்கு. சம்மாட்டியின் மனைவி ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் குலுக்கினார். "நம்ம உத்திரம் தப்பிச்சுது" என்றார். உத்திரத்தைப் பிரித்துத் தா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் அந்தப் பயம் அவருக்கு இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தூத்துக்குடிக்காரருக்கு வள்ளம் விற்பனைக்கு இல்லை என்று பதில் போயிற்று. சித்திரைக்குள் கரையில் இன்னும் இரண்டு வள்ளங்களுக்கு அடிமரமான ஏராப் பலகை வைத்துக் கட்டத் தொடங்கினார்கள். கோயிலுக்குக் கூரை ஏறியது. பூதம் மட்டும் இறங்கவில்லை. தார் உதிர்ந்தபோதெல்லாம் பெண்கள் புதுச் சாக்குத் தைத்துக் கொடுத்தார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. முதலில் மூழ்கிய குளியாள் அன்றே என்னிடம், "அண்ணாச்சி, அடியில மணலு வேற மாதிரிக் கெடக்கு. இது பழைய பாரு இல்ல, புதுசு" என்றார். சம்மாட்டி ஒப்பவில்லை: "அதே பாருதான். பொயலுல மணலு பொரண்டுருக்கு, அவ்வளவுதான்." பாய்மரம் பழைய அடிக்கட்டைக்குச் சற்றுத் தள்ளி நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கரையில் அவ்வளவு தள்ளினால் கடலில் எவ்வளவு விலகும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் பல முறை கேட்டுவிட்டேன், இருவரும் மாறவில்லை. அன்று கண்டது பழைய பார்தானா, புதியதா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.