மணல் மேட்டில் இரண்டு மொட்டைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், கடலூர் சில்வர் பீச்சில் நடந்தது இது. அன்று காலை திருவந்திபுரத்தில் என் அக்கா மகனுக்கு முடி இறக்கினோம். தாய்மாமன் மடி என்னுடையது. சிதம்பரத்திலிருந்து வேன் பிடித்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, அன்றைய கதாநாயகனே நான்தான் என்கிற நினைப்பில் இருந்தேன். என் மடியில் உட்கார்ந்தவன் ஊரைக் கூட்டி அழுதது தனிக் கதை.

அக்காவுக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்தவன் அவன். எத்தனையோ டாக்டர், எத்தனையோ கோயில். 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்று பயந்து, அவள் கல்யாண வீடுகளுக்கே போகாமல் இருந்த வருஷங்கள் உண்டு. அதனால் மூன்று வயதுகூட ஆகாத அந்தப் பயலை எங்கள் வீட்டில் யாரும் அதட்டிக்கூடப் பேச மாட்டோம். அடி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது.

சாப்பாடு முடிந்ததும் பீச்சுக்குப் போனோம். திருவந்திபுரத்தில் முடி இறக்குகிறவர்களில் பாதிப் பேர் அடுத்து வந்து நிற்பது அங்கேதான். கடலில் இறக்க எங்களுக்குத் தைரியமில்லை. கொஞ்சம் தெற்கே தள்ளி, ஒரு மணல் மேட்டுக்கு உள்பக்கமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. அலை கிடையாது, அடியில் வெறும் மணல், சின்னப் பிள்ளைகளுக்கே முழங்கால்தான் நனையும். மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகளை விளையாட விட இதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று எல்லோருக்கும் திருப்தி. அக்கா வேன் பக்கம் உட்கார்ந்து பலகாரத்தைப் பிரித்தாள்.

"தம்பி, கண்ண எடுக்காம பாத்துக்க" என்றாள்.

"நீ போக்கா. மடியில வெச்சவனுக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

பயல் ஜட்டியோடு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் அடித்து அடித்துச் சிரித்தான். அந்த அடியில் என் வேட்டி தொடை வரை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது. கரையேறி, சுற்றிலும் பெண்கள் இருக்கிறார்களே என்று முதுகைத் திருப்பிக்கொண்டு, உதறி, இறுக்கிக் கட்டினேன். அவ்வளவு நேரம்தான். திரும்பிப் பார்த்தேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலை தண்ணீரில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மணலை அள்ளிக்கொண்டிருந்தது. நிம்மதியாக நானும் மணலில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் கண்ணை எடுக்கவே இல்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். பின்னாலிருந்தே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "மாமாவுக்கு வீடு கட்டுடா" என்றேன். "மாடி வெச்சுக் கட்டுடா" என்றேன். மொட்டை பதில் சொல்லாமல் தன் வேலையில் மும்முரமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, போதும் என்று இறங்கிப் போய்த் தூக்கி இடுப்பில் வைத்தேன். அது என் பக்கம் திரும்பிப் பார்த்தது.

வேறு முகம்.

தண்ணீர் முழுக்கத் தேடினேன். எங்கள் பிள்ளை இல்லை. அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடல் சத்தம் என் காதில் முதல் தடவையாக விழுந்ததுபோல் விழுந்தது. "தங்கம்! டேய் தங்கம்!" என்று கத்திக்கொண்டு மணல் மேட்டில் ஏறினேன். மணல் காலை உள்ளே இழுத்தது. அக்காவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

மேட்டின் உச்சியில், எதிர்ப்பக்கமிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். இடுப்புக்கு மேல் வரை புடவை நனைந்து, தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோளில் முகத்தைப் புதைத்து அலறிக்கொண்டிருந்த ஒரு மொட்டையைத் தொடையில் பளீர் பளீரென்று அடித்துக்கொண்டே வந்தாள்.

"அலைகிட்ட போவியா? இனிமே போவியா? போவியா?"

நிமிர்ந்தவள் என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பில் இருந்த பிள்ளையைத்தான் பார்த்தாள். அது "அம்மா" என்று கையை நீட்டியது. அவள் ஓங்கிய கை அப்படியே நின்றது. மெதுவாகத் தன் தோளில் இருந்தவனின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூக்கும் வாயும் ஒழுக, எங்கள் பயல்.

யார் முதலில் கொடுத்தோம், யார் முதலில் வாங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் கை மாறினார்கள். நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நன்றி சொல்ல வேண்டியவன் நான். அவளோ என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, உங்க புள்ளயாண்ணா? அடிச்சிட்டேண்ணா. எம்புள்ளயும் அந்தத் தேங்குன தண்ணிலதான் வெளயாடிட்டிருந்தான், மேட்டு மேலருந்து பாத்தா கடல்ல முட்டியளவு தண்ணில நிக்கிறான், பின்னாடி அலை வருது. மொட்டயப் பாத்ததும் எம்புள்ளன்னு வுழுந்தடிச்சி ஓடுனேன். மூஞ்சியப் பாக்கலண்ணா."

என் சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்துவிட்டாள். ஒன்றையும் மறைக்காமல் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகனை வாங்கி, தலை, கை, கால் என்று தடவிக்கொண்டே வந்தவள், தொடையில் வந்து நின்றாள். சிவந்து, விரல் விரலாகப் பதிந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இந்தப் பிள்ளையை அதட்டினாலே முகம் சுருங்குகிறவள் அவள்.

அந்தப் பெண்ணும் அதைப் பார்த்துவிட்டாள். "மன்னிச்சிருங்கக்கா" என்று அழ ஆரம்பித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னாள். "பொய் சொல்லக் கூடாதுக்கா. வேற புள்ளன்னு தெரிஞ்சிருந்தா, அவுங்க வூட்டு ஆளு யாராவது கூட இருப்பாங்கன்னு நெனச்சி சும்மா நின்னுருப்பனோ என்னவோ."

அடித்த அந்தக் கையை அக்கா பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை நல்லா இருக்கணும்" என்றாள். நனைந்த புடவையோடு அந்தப் பெண்ணை வேன் பக்கம் கூட்டிப்போய், தன் மாற்றுப் புடவையைக் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். இரண்டு மொட்டைகளும் எதுவும் நடக்காததுபோல் ஒரே தட்டில் அதிரசம் தின்றன.

திரும்பும்போது வேனில் அக்கா மகனை மடியைவிட்டு இறக்கவே இல்லை. பரங்கிப்பேட்டை திருப்பம் தாண்டியதும், "அந்தப் புள்ளயத் தண்ணியிலயே வுட்டுட்டு ஓடாம, தூக்கிக்கினு ஓடியாந்தியே, அது போதும் தம்பி" என்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை இருந்ததே அப்போது எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், நான்தான் அழுதுவிட்டேன்.

அந்தப் பெண்ணின் ஊர், பெயர் எதுவும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. ஆனால் அவள் கடைசியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. அவள் நல்லவள், அதனால்தான் வாய்விட்டுச் சொன்னாள். நானாக இருந்தால் நின்றுதான் இருப்பேன். அதனால் இப்போதெல்லாம் எந்தத் தண்ணீர்க் கரையில் எந்தப் பிள்ளை தனியாக நடந்தாலும், யார் வீட்டுப் பிள்ளை என்று முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எழுந்து ஓடிவிடுகிறேன்.